பாசிக்குச் சோறு போடுவது யார்?

பாசியோடு எனக்கு முதல் சண்டை மூண்டது கூலிங் டவரின் அடியில். 1987இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடித்துக் கிளம்பாமல் இருக்கும். அப்படி இறைக்கும் தண்ணீர் ஆலைக்கும் வருகிறது, டவுன்ஷிப் வீடுகளுக்கும் வருகிறது. கண்டன்சரில் சூடேறி வரும் நீரை டவரில் குளிரவைப்போம். அங்கே வெயில் இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது, காற்று கொண்டுவரும் தூசி இருக்கிறது. பாசி தாடிபோல் வளர்ந்து தொங்கும். பிய்ந்துபோய்க் குழாயை அடைக்கும். குளோரின் விடுவோம், வெளுத்துச் சாகும். அத்தோடு வேலை தீர்ந்தது.

அந்தப் பழக்கத்தோடுதான் 2006இல் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் உப்புநீர்த் தொட்டி வைத்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 40. கணக்குப்படி 96 லிட்டர்; மணலும் கல்லும் போட்ட பிறகு 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு ஜோடி கோமாளி மீன், மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும் ஒரு கோபி மீன், ஆறேழு நத்தை, பிறகு காளான் பவளமும் பொத்தான் பொத்தானாக விரியும் சோவாந்தஸும். கல்பவளம் ஒன்றுகூட இல்லை. கல்பவளங்கள் அத்தனையும், கடல்விசிறிகளும், 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்புதான் அவற்றுக்கும். ஆகவே 'லைவ் ராக்' என்று விற்கும் பவளக் கல்லையும் நான் தொடவில்லை. சிமெண்டோடு உடைத்த கிளிஞ்சல் கலந்து நானே வார்த்து, இரண்டு மாதம் தண்ணீரில் ஊறவைத்துக் காரம் போக்கிய கற்கள்தான் இன்றுவரை என் தொட்டியில் இருக்கின்றன.

மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் விழுந்தது. ஆறாவது வாரம் கற்களில் பச்சை முடி முளைத்தது. என் கை குளோரினைத் தேடியது. தொட்டியில் குளோரின் விட்டால் மீனும் நத்தையும் போகும், அவற்றுக்கு முன்னால் கற்களில் குடியேறி அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா போகும். பாசியை மட்டும் கொல்லும் விஷம் என்று எதுவும் என்னிடம் இல்லை. இத்தனை வருஷமாகத் தண்ணீர் படித்தவன் நான்; அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேறு கேள்வி கேட்டேன். இந்தப் பாசிக்குச் சோறு போடுவது யார்?

அன்று தொடங்கி இன்றுவரை இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். ஓய்வுபெற்ற பிறகு டவுன்ஷிப்பிலும் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் கடலூரிலுமாகப் பதினொரு தொட்டிகளை மாதச் சந்தாவுக்குப் பார்த்துக்கொள்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாசியைத் தொடமாட்டேன். கதவோரம் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, தீவன டப்பா யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, வற்றிய தண்ணீரை எந்தக் குடத்திலிருந்து நிரப்புகிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன்.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் கடல்நீரையே பயன்படுத்தினேன். கடலூர் தேவனாம்பட்டினமோ பரங்கிப்பேட்டையோ, ஞாயிற்றுக்கிழமை விடியலில் இருபது லிட்டர் கேன்கள் நாலைந்தோடு போவேன். மாசியிலும் பங்குனியிலும் எடுத்த தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு கார்த்திகையில் அதே இடத்தில் எடுத்துவந்த தண்ணீரை ஊற்றிய நாலாம் நாள் தொட்டி காப்பித்தூள் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடமும் வெள்ளாறும் பெண்ணையாறும் கெடிலமும் கடலுக்குக் கொண்டுபோவது வெறும் மழைநீரை அல்ல. வயலில் போட்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைந்து போகின்றன. பாறையும் மண்ணும் கரைத்துக் கொடுத்த சிலிக்கா போகிறது. கரையோரத் தண்ணீரில் உப்பின் அளவும் இறங்கிவிடும். கடல் அதைத் தாங்கும். சொல்லப்போனால், அந்தச் சத்தில்தான் நம் கரையோர மீன்வளமே நிற்கிறது. 80 லிட்டர் தாங்காது. ஐப்பசி பிறந்தால் கடல்நீர் எடுப்பதை நிறுத்திவிடு என்று பரங்கிப்பேட்டையில் ஒரு மீனவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். "இப்ப தண்ணி கனமா இல்ல சார், ஆத்துத் தண்ணி மேல ஓடுது" என்றார். அவர் சொன்னதைக் கேட்காமல் எடுத்தேன். அதற்குப் பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பு கரைத்துப் பயன்படுத்தும் வழிக்கு மாறினேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026க்கு ஒட்டி. இதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் தண்ணீருக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியும்.

தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் வைத்திருந்தேன், மின்கடத்தலை வைத்துக் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டியது. எட்டு மாதம் தொட்டி சுத்தமாக இருந்தது. பிறகு அந்தப் பழுப்புப் படலம் மறுபடி வந்தது. காலையில் துடைத்தால் மாலையில் மணல்மேல் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் படர்ந்திருக்கும். அது டயாட்டம். தன் உடம்பைச் சுற்றிச் சிலிக்காவால் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. சிலிக்கா கிடைக்காவிட்டால் அதற்கு வீடு கிடையாது. மீட்டரோ பூஜ்யம் காட்டுகிறது. அப்படியானால் சிலிக்கா எங்கிருந்து வருகிறது?

ஒரு ராத்திரி சி ஷிப்டில், கொதிகலன் நீரின் உப்பை நீக்கும் டி.எம். பிளாண்டின் லாக் புக் எழுதும்போதுதான் பொறிதட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கொதிகலனில் அழுத்தம் ஏறினால் சிலிக்கா நீராவியோடு சேர்ந்து பறந்துபோய் டர்பைன் இறக்கைகளில் படிந்துவிடும். அதனால் நீராவியில் அது லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று காவல் காப்போம். அயனிப் பரிமாற்ற ரெசின் களைத்துப்போகும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான். அது பலவீனமான அமிலம், ரெசினை இறுகப் பற்றாது, மின்சாரத்தையும் கடத்தாது. அதனால் மீட்டரின் முள் ஏறாது. எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் அன்னயான் ரெசின் தீரும் நேரத்தில் கடத்துதிறன் ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் இறங்கிக்கூடக் காட்டும். புதிதாக வருபவன் தண்ணீர் இன்னும் நன்றாகிவிட்டது என்று மகிழ்வான். "தம்பி, மீட்டரு பொய் சொல்லாது. நீ கேக்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லாது. சிலிக்காவ நீதான் கேக்கணும்" என்பார் அவர். வீட்டில் நான் சிலிக்காவைக் கேட்கவே இல்லை.

கடலூரில் கெமிக்கல் கடையில் அம்மோனியம் மாலிப்டேட்டும் மற்ற சரக்கும் வாங்கிவந்து சமையலறை மேடையில் சோதித்தேன். மாலிப்டினம் நீலச் சோதனை. சிலிக்கா இருந்தால் நீலம் ஏறும். பாஸ்பேட்டும் அதே நீலத்தைக் கொடுக்கும் என்பதால் இடையில் ஆக்சாலிக் அமிலம் விட்டு அதை விலக்க வேண்டும். சோதனைக் குழாயில் நல்ல நீலம் ஏறியது. ரெசினை மாற்றினேன். பத்தே நாளில் மணல் வெள்ளையானது. அன்று முதல் கார்ட்ரிட்ஜை மீட்டர் பார்த்து மாற்றுவதில்லை. எத்தனை லிட்டர் ஓடியது என்று சுவரில் காலண்டரில் குறித்துவைத்து, லிட்டர் கணக்கில் மாற்றுகிறேன். பழுப்புப் படலம் திரும்பத் திரும்ப வருகிறது, மீட்டர் பூஜ்யம்தான் காட்டுகிறது என்று புலம்புகிற எல்லோருக்கும் இதுதான் என் முதல் கேள்வி: ரெசின் மாற்றி எவ்வளவு நாளாயிற்று?

ஆலையின் டி.எம். தண்ணீரை ஒரு கேன் எடுத்துவந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அது கொதிகலனுக்கு உரியது. ஒரு சொட்டு எடுத்ததில்லை.

வற்றிய தண்ணீரை நிரப்புவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது; கூலிங் டவரில் வேலை பார்த்தவனுக்கு அது சட்டென்று புரியும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். கரைந்திருப்பது எல்லாம் தங்கிவிடும். டவரில் இப்படி உப்பு ஏறிக்கொண்டே போவதால்தான் புளோ டவுன் என்று ஒரு பங்கைத் திறந்து விட்டுவிடுவோம். நெய்வேலியில் கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரிக்கு மேல் போகும். தொட்டியை 27 டிகிரியில் வைக்க நான் மேலே இரண்டு சின்ன ஃபேன் ஓட்டுகிறேன். ஃபேன் ஓடினால் நாளைக்கு இரண்டு லிட்டர் வற்றும். அதைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். நாற்பதே நாளில் தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்குக் குழாய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அதில் இருந்த சிலிக்காவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒரு துளி குறையாமல் அங்கேயே நிற்கும். சித்திரை வைகாசியில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு இதுதான் காரணம். வெயில் அதிகம் சார், அதான் பாசி என்பார்கள். வெயில் அல்ல, குடம்.

இனி தீவனம். பாசிக்கு நேராகச் சோறு போடும் கை மீனுக்குப் போடும் கைதான். உலர் தீவனத்தில் பாஸ்பரஸ் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஒரு கிராம் தீவனம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். 80 லிட்டரில் அது முழுதும் கரைந்தால் லிட்டருக்கு 0.38 மில்லிகிராம். பவளத் தொட்டியில் நான் வைத்துக்கொள்ளும் எல்லை 0.03 முதல் 0.1 வரை. ஒரு கிராம் என்பது ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட. குழந்தை ஒரு தடவை டப்பாவைச் சாய்த்தால் மூன்று கிராம் விழும்.

டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் இப்படித்தான். நாற்பது லிட்டர்த் தொட்டி, நல்ல வெளிச்சம், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் நல்ல ஸ்கிம்மர், எல்லாம் ஒழுங்கு. ஆனால் கல்லே தெரியாத அளவுக்கு முடிப்பாசி. தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் இல்லவே இல்லை என்று வருகிறது. அந்த அம்மா, "சார், டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே, அப்ப பாசிக்குச் சாப்பாடே தேவையில்லையா?" என்று கேட்டார். சரியான கேள்வி. வருகிற பாஸ்பேட்டை வந்த உடனே பாசி தின்றுவிடுகிறது. தண்ணீரில் மிச்சம் எதுவும் இல்லை. சாப்பாட்டு இலையைப் பார்த்து வீட்டில் அரிசியே இல்லை என்று சொல்வதுபோலத்தான் அந்தச் சோதனை. விசாரித்ததில் வீட்டுப் பாட்டி தினம் காலை பூஜை முடித்ததும் மீனுக்கு ஒரு கை போடுகிறார். பையன் பள்ளிவிட்டு வந்ததும் போடுகிறான். அம்மா ராத்திரி போடுகிறார். ஒருவருக்கு மற்றவர் போடுவது தெரியாது. பாட்டியிடம் தீவனத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஏழு சின்னக் காகிதப் பொட்டலம் மடித்து, கிழமை எழுதி, பூஜை அறையில் பாட்டி கையில் கொடுத்தேன். டப்பாவை அம்மா பீரோவில் பூட்டினார். மீதியை நானும் அந்தப் பையனும் கையால் செய்தோம். சைஃபன் குழாயின் வாயில் பழைய பல் துலக்கும் பிரஷைக் கட்டி, முடிப்பாசியை முறுக்கிப் பிடுங்கப் பிடுங்க, பிய்ந்தது தண்ணீரில் மிதக்காமல் குழாய் வழியே வெளியே போனது. பாசியைப் பிடுங்குவது முக்கியம். அது தின்று சேர்த்துவைத்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உடம்பில்தான் இருக்கிறது. உள்ளேயே சாகவிட்டால் அத்தனையும் தண்ணீருக்கே திரும்பும், அடுத்த பாசி அதைத் தின்னும். வாரம் ஒருமுறையாக ஒன்பது வாரம் பிடுங்கினோம். பத்தாவது வாரம் பிடுங்க எதுவும் இல்லை.

சிவப்புச் சளி என்று ஒன்று வரும். துணி விரித்ததுபோல் மணல்மேல் படியும், மத்தியானம் குமிழ் குமிழாகக் காற்று பிடித்து எழும்பும். அது சயனோபாக்டீரியா, உண்மையில் பாசியே அல்ல. எரித்ரோமைசின் போட்டால் போய்விடும் என்று சொல்வார்கள், போகும்தான். கல்லில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் அது நல்லதல்ல. ஒரு மாதம் கழித்துச் சளி திரும்பியும் வரும். அது படியும் இடத்தைப் பாருங்கள். நீரோட்டம் சேராத மூலையாக இருக்கும், மீன்கழிவு தங்கும் பள்ளமாக இருக்கும். வேவ் மேக்கரை நாலு விரல் திருப்பி வைத்து, ரப்பர் குமிழ் பிப்பெட்டால் அந்தப் பள்ளத்தை ஊதிவிட்டுப் பலமுறை இதைத் தீர்த்திருக்கிறேன்.

பாசி தின்னும் உயிர்களைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசியில் சொல்வேன். டர்போ நத்தை நன்றாக மேயும். நம் கடலில் பாசி மேயும் மீன் என்றால் ஒரா. கிளிமீனும் மேயும். ஆனால் அவை வளர்ந்து உலவ 80 லிட்டர் போதாது. ஒராவை அதில் அடைப்பது கொடுமை. மேய்ச்சல் எவ்வளவு பெரிய வேலை என்பதில் சந்தேகமே இல்லை. 1983இல் கரீபியக் கடலில் நீள்முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏதோ நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்தடுத்த வருஷங்களில் ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் பாசி ஏறி மூடிவிட்டது. மேய்ப்பவன் போனால் காடு ஏறிவிடும். அதே சமயம், சோறு கொட்டிக்கொண்டே மேய்ப்பவனை இறக்குவதில் பயன் இல்லை. நத்தை தின்பதும் தொட்டிக்குள்ளேயே கழிவாகத்தான் விழுகிறது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர்க் கரையில் ஏறியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வைத்து மீனைக் காப்பாற்றிவிட்டேன். கற்களுக்குள் இருந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி மூச்சு முட்டிச் செத்திருக்க வேண்டும். தை முழுக்க தொட்டி பச்சை. அந்த மாதம் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாதித் தீவனம், ஐந்து மணி நேர விளக்கு, வாரம் பதினைந்து லிட்டர் தண்ணீர் மாற்றம். செத்த உயிர்களின் சத்தைப் பாசி தின்று தீர்க்கட்டும், நான் பாசியைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். மாசி பிறக்கும்போது தெளிந்தது. பாசி அந்த மாதம் எனக்கு உதவிதான் செய்தது என்று இன்றும் நம்புகிறேன். அது இல்லாவிட்டால் அத்தனை கழிவும் மீனின் தலையில் இறங்கியிருக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. சோறுதானே காரணம், சோற்றையே நிறுத்திவிடலாம் என்று 2014இல் இறங்கினேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைப் பெரிய அளவில் போட்டேன், தீவனத்தைக் குறைத்தேன், ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டேன். பாஸ்பேட் பூஜ்யம், நைட்ரேட் பூஜ்யம். முடிப்பாசி ஒரு இழை இல்லை. ஆய்வுக்கூடத்து ஆட்களை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன்.

மூன்றே வாரம். காளான் பவளம் சுருங்கி வெளிறியது. மணல்மேல் பழுப்பாக ஒன்று வந்தது. பார்க்க டயாட்டம் மாதிரிதான். ராத்திரி விளக்கணைத்தால் மறைந்துவிடும், காலையில் பத்து மணிக்கு மேல் திரும்ப வரும். ரெசின் புதிது, சிலிக்கா இல்லை. வழக்கம்போல் தண்ணீர் மாற்றினேன். மாற்ற மாற்ற அதிகமானது. நத்தைகள் கல்லைவிட்டு விழத் தொடங்கின. கடைசியில் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். டயாட்டமின் கண்ணாடிக் கூடு இல்லை. எள்ளைத் தட்டையாக நசுக்கியதுபோல் சின்னச் சின்ன உயிர்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. டைனோஃபிளாஜெல்லேட், அதில் ஆம்ஃபிடினியம் என்னும் இனம். மற்றப் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்கிய இடத்தில் இது குடியேறும். வெளிச்சத்தில் தானே சமைத்துக்கொள்ளும், மற்ற உயிரைப் பிடித்தும் தின்னும். பட்டினி அதை ஒன்றும் செய்யாது. நான் துடைத்துத் துடைத்து அதற்கு இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

குருணையை வெளியே எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் பாஸ்பேட்டை 0.1க்கும் ஏற்றினேன். பாஸ்பேட்டுக்காக நான் கரைத்தது லேப் தரத்து டிரை சோடியம் பாஸ்பேட், கொதிகலனில் படிவு கட்டாமல் இருக்க நாங்கள் விடும் அதே சரக்கு. அதோடு நிற்கவில்லை. மணலில் வாழும் இந்த இனத்தோடு இடத்துக்குப் போட்டி போடக்கூடியது டயாட்டம்தான். டயாட்டம் வேண்டுமென்றால் சிலிக்கா வேண்டும். இருபத்தேழு வருஷம் சிலிக்காவைக் காவல் காத்த கையால் சோடியம் சிலிகேட்டைத் துளித்துளியாகத் தொட்டியில் விட்டேன். முதல் சொட்டு விட்டபோது கை நடுங்கியது. டயாட்டம் வந்தது; மணல் முழுக்கப் பழுப்பானது. அந்தப் பழுப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஆறு வாரத்தில் மைக்ரோஸ்கோப்பில் ஓடும் எள்ளைக் காணோம். சிலிகேட்டை நிறுத்தினேன், டயாட்டமும் தானே போனது.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் பூஜ்யத்தைக் குறி வைப்பதில்லை. பவளத்துக்கும் சோறு வேண்டும். அதன் உடம்புக்குள் குடியிருந்து அதற்கு உணவு தயாரிப்பதே ஒரு நுண்பாசிதான். பாசி இல்லாத பவளத்தொட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது. எந்தப் பாசி, எங்கே, எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.

அப்படி முடிவு செய்யும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது, பாசிக்குத் தனி வீடு கொடுப்பது. தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் ஒரு சின்னத் துணைத்தொட்டி. அதில் பச்சை நூல் உருண்டைபோல் வளரும் கீட்டோமார்ஃபா. மேலே விளக்கு அணையும் நேரத்தில் கீழே அதற்கு விளக்கு. மேலே முடிப்பாசி தின்னவேண்டியதை இது கீழே தின்னும். ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி செய்த பாசிப் பலகைகளுக்கும் இதே யோசனைதான் அடிப்படை. வளர வளரப் பாதியைக் கத்தரித்து எடுத்தால் போதும். தொட்டியில் சேர்ந்த தீவனத்தை நான் கையால் எடுத்து வெளியே வைப்பதற்குச் சமம் அது. இதற்குக் கௌலெர்ப்பா மட்டும் வேண்டாம் என்பேன். திராட்சைக்கொத்துபோல் அழகாக இருக்கும், வேகமாக வளரும். திடீரென்று ஒரு ராத்திரியில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, உடம்பில் இருந்ததை எல்லாம் தண்ணீரில் விட்டுவிட்டு வெள்ளைத் தோலாகக் கிடக்கும். விடியும்போது தொட்டி மோர்போல் இருக்கும். ஒரு வீட்டில் பார்த்துவிட்டேன்.

கௌலெர்ப்பாவைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. 1984இல் மொனாக்கோவில் கடல் அருங்காட்சியகத்தின் கீழே, மத்தியதரைக் கடலில், கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா ஒரு சதுர மீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்தார்கள். மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட இனம் அது. சில வருஷங்களில் பல நாட்டுக் கரைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் படர்ந்து, கடற்புல் வெளிகளை மூடிவிட்டது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே பாசி தென்பட்டபோது அங்குள்ளவர்கள் காத்திருக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தினார்கள்; முற்றிலும் ஒழித்தோம் என்று அறிவிக்க ஆறு வருஷம் ஆனது.

நம் பக்கமும் நடந்திருக்கிறது. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் உணவைக் கூழாக்கப் பயன்படும் கராஜீனனுக்காக வளர்க்கிறார்கள். அந்தக் கரையில் பல பெண்களின் வருமானம் அதில் இருக்கிறது, அவர்கள் உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது வெளியிலிருந்து வந்த இனம். 2008இல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தேசியப் பூங்கா என்ற பலகை பாசிக்குத் தெரியாது. ஒரு துணுக்கு ஒடிந்து மிதந்து போனால் அது போன இடத்தில் வேர்விடும். என் தொட்டியில் முடிப்பாசி ஏறினால் நான் பிரஷோடு உட்கார்ந்து ஒன்பது வாரத்தில் பிடுங்கிவிடுவேன். கடலுக்குள் பவளத்திட்டின்மேல் ஏறினால் பிரஷோடு உட்கார ஆள் இல்லை.

அதனால் என் பதினொரு வீடுகளிலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிடுங்கிய பாசி, கத்தரித்த கீட்டோமார்ஃபா, செத்த நத்தையின் ஓடு, எதுவானாலும் மொட்டைமாடியில் பழைய தட்டில் விரித்து மூன்று நாள் நெய்வேலி வெயிலில் முறுமுறுவென்று காயவைப்போம். காய்ந்த பிறகுதான் குப்பைக்கு. தொட்டி நீரை வாளியில் மூடி வைத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பிறகு கழிவறையில் ஊற்றுவோம். குளோரினுக்கு இந்தத் தொழிலில் நான் கண்ட சரியான இடம் அந்த வாளிதான்.

உங்களிடம் உப்புநீர்த் தொட்டி இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தொட்டி சலித்துவிட்டால் மீனை வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் தொட்டியிலேயே குஞ்சு பொரித்த கோமாளி மீன்களை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள், அத்தகைய மீனையே கேட்டு வாங்குங்கள். கல்பவளம் விற்கும் கடையில் எதையுமே வாங்காதீர்கள். தொட்டியில் வளர்ந்த பாசியின் ஒரு இழையைக்கூடச் சாக்கடையிலோ உப்பனாற்றிலோ கடலிலோ விடாதீர்கள்.